கார் ரேடியோவைக் கழற்றியவர்... ஆம்ப்ளிஃபயருக்கு முகம் கொடுத்த கதை!

இன்ஸ்டாவில் மியூசிக் செட்டப் ரீல்ஸ் பார்க்கிற ஆளா நீங்க? அப்படின்னா இந்தக் காட்சி கண்டிப்பா உங்க ஸ்க்ரீனைக் கடந்து போயிருக்கும். மங்கலான விளக்கு. மர அலமாரி. மெதுவா சுத்துற ஒரு எல்.பி. ரெக்கார்டு. பக்கத்துல இளம் தங்க நிறத்துல ஒரு பெட்டி. அதோட நடுவுல கப்பல் ஜன்னல் மாதிரி சின்னதா ஒரு வட்டம். கமென்ட்ல எல்லாரும் ஃபயர் விட்டிருப்பாங்க.

அந்த வட்டம் நேற்று யாரோ ஒரு டிசைன் ஸ்டூடியோவில் யோசித்தது இல்லை. 1960-ல் வந்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரின் நெஞ்சில் இருந்த வட்டம் அது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் மராண்ட்ஸ் என்ற பெயரும் மார்க்கெட்டிங் டீம் வைத்தது இல்லை. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். முழுப்பெயர் சால் மராண்ட்ஸ்.

இதில் சுவாரஸ்யமான விஷயம், உலகமே கொண்டாடும் இந்த ஆடியோ கருவிகளின் சொந்தக்காரர் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரே கிடையாது. அவர் ஒரு கிராஃபிக் டிசைனர். சோகமான விஷயமும் ஒன்று இருக்கிறது. தான் உருவாக்கிய கம்பெனியையும், அதோடு சேர்த்துத் தன் பெயரையும் கைவிட வேண்டிய நிலைமை அவருக்கு வந்தது. காரணம்? ஒரே ஒரு ரேடியோ ட்யூனர். அந்தக் கதையைத்தான் இப்போ பார்க்கப்போறோம்.

முதல்ல வால்வுன்னா என்ன?

தாத்தா, பாட்டி காலத்து ரேடியோவைப் பற்றிப் பேசும்போது வீட்டில் வால்வு ரேடியோ என்று சொல்லிக் கேட்டிருப்பீங்க. ஸ்விட்ச் போட்டால் உடனே பாடாது. கொஞ்ச நேரம் சூடாகி, பிறகுதான் மெதுவாகச் சத்தம் வரும். உள்ளே சின்ன பல்பு மாதிரி கண்ணாடிக் குழாய்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அவைதான் வால்வுகள். அமெரிக்காவில் ட்யூப் என்பார்கள்.

குழாய்க்குள் காற்று கிடையாது. உள்ளே ஒரு இழை சூடாகும். அந்தச் சூட்டில் எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிரில் இருக்கும் தகட்டுக்குப் பாயும். நடுவில் இருக்கும் மெல்லிய கம்பி வலைதான் அந்தப் பாய்ச்சலைக் கூட்டும், குறைக்கும். வலைக்குப் போகும் சின்ன சிக்னல், தகட்டில் பெரிய சிக்னலாக மாறி வெளியே வரும். ஆம்ப்ளிஃபயரின் அடிப்படையே இதுதான். இன்று உங்கள் போனுக்குள் இருக்கும் ஒரு டிரான்ஸிஸ்டர் கண்ணுக்கே தெரியாது. அன்று அதே வேலையைச் செய்ய விரல் அளவுக் கண்ணாடிக் குழாய் தேவைப்பட்டது.

இதனால் டிசைன் செய்பவருக்கு மூன்று தலைவலிகள். ஒன்று, சூடு. வால்வைத் தொட்டால் கை பொசுங்கும். அந்தச் சூடு வெளியே போக வழி வேண்டும். இரண்டு, உள்ளே ஓடும் மின்சாரம். பவர் ஆம்ப்ளிஃபயருக்குள் 400 வோல்ட் வரைகூட இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் திறந்து வைக்க முடியாது. மூன்று, எடை. வால்வுகளோடு பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர்களும் வேண்டும். பெட்டியைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

1940-களின் கடைசியில் அமெரிக்காவில் இதற்கு இரண்டே வழிகள்தான் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு பெரிய மர பீரோவுக்குள் மறைத்து, ரேடியோகிராம் என்று விற்பது ஒன்று. இல்லையென்றால், வெறும் இரும்புத் தகட்டின் மேல் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் நிற்க, அப்படியே ஆர்வலர்களிடம் விற்பது. முதல் வகை ஹாலுக்கு அழகு, ஆனால் சத்தம் சுமார். இரண்டாவது வகை சத்தம் சூப்பர், ஆனால் ஹாலில் வைத்தால் வீட்டில் சண்டை வரும். நடுவில் ஒரு பெரிய காலி இடம் இருந்தது. அந்த இடத்துக்குத்தான் சால் மராண்ட்ஸ் வந்தார்.

புரூக்ளின் பையன்

சால் பெர்னார்ட் மராண்ட்ஸ் 1911-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். ஒரே விஷயத்தில் மூழ்கிக் கிடக்கும் ரகம் இல்லை. புகைப்படம் எடுப்பார். கிராஃபிக் டிசைன் அவர் தொழில். சீனா, ஜப்பான் பக்கத்துப் பழைய கலைப்பொருள்களைத் தேடிச் சேர்ப்பார். கிளாசிக்கல் கிடார் வாசிப்பார். உலகப் புகழ்பெற்ற கிடார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியாவோடு அவருக்கு நட்பு இருந்தது.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் கவனிங்க. படம், எழுத்து, பழைய கலைப்பொருள், இசை. நான்குமே கண்ணும் காதும் சம்பந்தப்பட்டவை. எலெக்ட்ரானிக்ஸ் இதில் எங்கேயும் இல்லை. ஆனால் வீட்டில் நல்ல இசை கேட்க வேண்டும் என்ற ஆசை அவரைக் கடைசியில் அங்கேதான் கொண்டுபோய் விட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. ராணுவப் பணியிலிருந்து திரும்பிய சால், மனைவி ஜீனோடு நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இருக்கும் கியூ கார்டன்ஸில் குடியேறினார். அவரிடம் 1940-ம் வருஷத்து மெர்க்குரி கார் ஒன்று இருந்தது. அதில் இருந்த ரேடியோவைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துக் கேட்க முடிவு செய்தார்.

கேட்கச் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் அந்தக் கால கார் ரேடியோவும் வால்வு ரேடியோதான். காரின் 6 வோல்ட் பேட்டரியில் ஓடும்படி செய்யப்பட்டது. அதை வீட்டு மின்சாரத்தில் ஓட வைக்க வேண்டும் என்றால், உள்ளே இருக்கும் சர்க்யூட்டைப் புரிந்துகொள்ள வேண்டும், மாற்ற வேண்டும். சால் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதிலிருந்து வால்வு, கன்டென்சர், சால்டரிங் எல்லாம் அவர் வீட்டு அடித்தளத்துக்குக் குடிவந்துவிட்டன.

ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒரு ஃபில்டர்

1948-ல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. ரெக்கார்டை அறிமுகப்படுத்தியது. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடங்களுக்கு மேல் இசை. கேட்பவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஒரு சிக்கல்.

ரெக்கார்டில் இசையை அப்படியே வெட்ட முடியாது. பேஸ் சத்தத்தை முழுசாகப் பதிவு செய்தால் பள்ளம் அகலமாகி, பக்கத்துப் பள்ளத்தை இடிக்கும். அதனால் பதியும்போது பேஸைக் குறைப்பார்கள், ட்ரெபிளைக் கூட்டுவார்கள். வீட்டில் கேட்கும்போது இதைத் தலைகீழாகச் செய்தால்தான் இசை சரியாக வரும். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லணும்னா, போட்டோவை ஒரு ஃபில்டர் போட்டு சேவ் பண்ணிட்டாங்க. அந்த ஃபில்டரை அப்படியே ரிவர்ஸ் பண்ணினால்தான் அசல் முகம் தெரியும்.

அன்று எந்த ஃபில்டர் என்பதில் கம்பெனிகளுக்குள் ஒற்றுமையே இல்லை. கொலம்பியாவுக்கு ஒன்று, மற்ற கம்பெனிகளுக்கு வேறு வேறு. ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு 1954-ல்தான் வந்தது. அதுவரை ஒரு ரெக்கார்டு மந்தமாகக் கேட்கும், இன்னொன்று காதைக் கீறும்.

ரெக்கார்டுகளைக் கட்டிக்கொண்டு அழும் சாலுக்கு இது பொறுக்கவில்லை. கடையில் கிடைத்த கருவிகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. தானே ஒரு ப்ரீ-ஆம்ப்ளிஃபயரைச் செய்ய உட்கார்ந்தார். பேஸுக்குத் தனி குமிழ், ட்ரெபிளுக்குத் தனி குமிழ். எந்தக் கம்பெனி ரெக்கார்டு என்றாலும் அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம். அதற்கு ஆடியோ கன்சோலெட் என்று பெயர் வைத்தார்.

வீட்டுக்கு வந்து கேட்ட நண்பர்கள் அசந்துபோனார்கள். மனைவி ஜீன்தான் இதை விற்கலாமே என்று தூண்டினார். 1950-களின் தொடக்கத்தில் 100 கன்சோலெட்களைச் செய்து பார்ப்பது என்று முடிவானது. ஒரே வருஷத்தில் 400-க்கும் மேல் ஆர்டர்கள் குவிந்தன. 1953-ல் மராண்ட்ஸ் கம்பெனி பிறந்தது. கன்சோலெட்தான் பிறகு மாடல் 1 ஆனது. வீட்டில் இடம் போதாமல், பிறகு தொழிற்சாலை லாங் ஐலேண்ட் சிட்டிக்கு மாறியது.

ஒருத்தர் காது, ஒருத்தர் கண்

தனக்கு எது தெரியாது என்பதில் சால் தெளிவாக இருந்தார். 1950-களின் நடுவில் சிட்னி ஸ்மித் என்ற இளம் இன்ஜினீயரைச் சேர்த்துக்கொண்டார். மராண்ட்ஸின் வால்வு கருவிகளுக்குள் இருக்கும் சர்க்யூட்களில் பெரும்பங்கு ஸ்மித்தின் உழைப்பு. 1956-ல் வந்த மாடல் 2 பவர் ஆம்ப்ளிஃபயர் 40 வாட்ஸ் கொடுத்தது. அன்றைய வீட்டுக்கு அது பெரிய சக்தி.

சாலின் வேலை என்ன? எது வேண்டும் என்று சொல்வது. அது எப்படி இருக்க வேண்டும், எப்படிக் கையில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது. சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவது. இன்றைய ஸ்டார்ட்அப் மொழியில் சொன்னால் புராடக்ட் ஹெட். அந்த வார்த்தையே இல்லாத காலத்தில் அவர் அந்த வேலையைச் செய்தார்.

1958-ல் ஸ்டீரியோ ரெக்கார்டுகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. ஒரு காதுக்கு ஒரு சேனல். ஏற்கெனவே மாடல் 1 வைத்திருந்தவர்கள் இன்னொன்று வாங்கி, இரண்டையும் மாடல் 6 என்ற இணைப்புக் கருவியால் சேர்த்துக்கொண்டார்கள். ஜுகாட் வேலைதான். எல்லாமே இரண்டு மடங்கு ஆனபோது குமிழ்களின் காடு முளைத்தது. அதை ஒரே பெட்டிக்குள் அடக்க வேண்டும். அந்தச் சவாலுக்குப் பதிலாக வந்ததுதான் மாடல் 7.

மாடல் 7: ஏன் இன்னும் அழகு?

1958-ல் வந்த மாடல் 7-ஐ ஒருமுறை தேடிப் பாருங்க. படத்தைக் கொஞ்சம் ஜூம் பண்ணி வெச்சுக்கிட்டு மேலே படிங்க.

இளம் தங்க நிறத்தில் அலுமினியத் தகடு. பளபளப்பு கிடையாது, மென்மையான சாயல். அதே நிறத்தில் குமிழ்கள். இடது பக்கம் ஒரு கூட்டம், வலது பக்கம் ஒரு கூட்டம். நடுப்பகுதியில் சின்னச் சின்ன நெம்புகோல் ஸ்விட்ச்கள். மொத்தத்தையும் பார்த்தால் கண்ணாடியில் பிரதிபலித்ததுபோல ஒரு சமச்சீர். எழுத்துகள் சின்னதாக, அடக்கமாக இருக்கும். கத்தாது.

இதை அழகு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. தினமும் தொடும் குமிழ் பெரியது. எப்போதாவது தொடும் ஸ்விட்ச் சின்னது. ஒரே குடும்பத்து வேலைகள் பக்கத்துப் பக்கத்தில். அரை இருட்டில் ரெக்கார்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது, பார்க்காமலேயே கை வால்யூமைத் தேடிப் பிடிக்கும். பத்திரிகைப் பக்கத்தில் எழுத்தையும் படத்தையும் எங்கே வைப்பது என்று பழகிய ஒரு கை, ஒரு இரும்புப் பெட்டியின் முகத்தையும் அப்படியே பக்கம் அமைப்பது மாதிரி அமைத்திருக்கிறது. நமக்கு இன்று ஒரு நல்ல ஆப்பைத் திறந்தவுடன் எங்கே தட்டணும்னு தெரியுது இல்லையா? அதே உணர்வு.

இன்னொரு விஷயத்தையும் கவனிச்சீங்களா? மாடல் 7-ல் ஆறு வால்வுகள் இருக்கின்றன. முன்பக்கத்திலிருந்து ஒன்றுகூடத் தெரியாது. இன்று வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றாலே ஆரஞ்சு வெளிச்சம்தான் அழகு என்று நினைக்கிறோம். ஆனால் எல்லோரும் வியக்கும் வால்வு கருவிகளில் ஒன்று, தன் வால்வை வெளியே காட்டவே இல்லை. உங்கள் கை எங்கே போகுமோ அதை மட்டும் முகத்தில் வைத்துவிட்டு, சூடாகி எரியும் சமாசாரத்தை உள்ளே அமைதியாக வைத்துவிட்டார்கள்.

எல்லோரும் அந்த வழியில் போகவில்லை. 1961-ல் அமெரிக்காவின் மெக்கின்டாஷ் கொண்டுவந்த எம்.சி.275, பளபளக்கும் குரோம் மேடையில் வால்வுகளை வரிசையாக நிறுத்திக் காட்டியது. அதுவும் இன்றுவரை ரசிகர்களின் செல்லம். இங்கிலாந்தின் குவாட் கம்பெனி, கருவிகளை முடிந்தவரை சின்னதாக்கி ஒதுங்கி நிற்க வைத்தது. மூன்று பேரும் ஒரே பிரச்னைக்கு மூன்று பதில்கள் சொன்னார்கள். காட்டுவது ஒன்று, சுருக்குவது ஒன்று, முகம் கொடுப்பது ஒன்று. சால் முகம் கொடுத்தார்.

அந்த வட்டம் எதுக்கு?

இப்போ ரீல்ஸில் பார்த்த வட்டத்துக்கு வருவோம். 1960-ல் மாடல் 9 வந்தது. ஒரு சேனலுக்கு மட்டும் ஒரு பெட்டி. 70 வாட்ஸ். ஸ்டீரியோ வேண்டும் என்றால் இரண்டு வாங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஈஎல்34 என்ற பவர் வால்வுகள் நான்கு.

பவர் வால்வுகளுக்கு ஒரு குணம் உண்டு. வயசாக ஆக ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி தளர்ந்துபோகும். நான்கும் ஒரே அளவு கரன்ட்டை இழுத்தால்தான் சத்தம் சுத்தமாக இருக்கும், வால்வும் நீண்ட நாள் உழைக்கும். இதைச் சரிபார்த்துத் திருத்துவதைத்தான் பயஸ் செட் பண்ணுவது என்பார்கள். பொதுவாக மெக்கானிக் வந்து, மூடியைத் திறந்து, மீட்டர் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. உள்ளே 400 வோல்ட் பக்கம் இருக்கும்போது அது விளையாட்டு இல்லை.

மாடல் 9-ல் அந்த மீட்டரையே முன்பக்கத்தில் பதித்துவிட்டார்கள். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முள். ஒவ்வொரு வால்வாகத் தேர்ந்தெடுத்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, நீங்களே சரிசெய்துகொள்ளலாம். மூடியைத் திறக்க வேண்டாம். மெக்கானிக்குக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அதாவது, அந்த வட்டம் அலங்காரத்துக்காக வைத்தது இல்லை. அது ஒரு நாடித்துடிப்பு பார்க்கும் இடம். ஆம்ப்ளிஃபயர் நலமா என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் ஜன்னல். வேலை இருந்ததால்தான் அது அழகானது. வேலை செய்யும் பகுதியைத் தங்க நிறத் தகட்டின் நடுவில், சுற்றிலும் காலி இடம் விட்டு வைத்ததுதான் டிசைனர் சாலின் கை.

கம்பெனியை விழுங்கிய ட்யூனர்

இனிமேல்தான் கதை கொஞ்சம் கனமாகும்.

1961-ல் அமெரிக்க அரசு எஃப்.எம். ரேடியோவில் ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அனுமதி கொடுத்தது. மராண்ட்ஸிடம் ப்ரீ-ஆம்ப்ளிஃபயர் இருந்தது, பவர் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. எஃப்.எம். ட்யூனர் இல்லை. உலகிலேயே சிறந்த ட்யூனரைச் செய்வது என்று சால் முடிவு எடுத்தார். அந்தப் பொறுப்பு ரிச்சர்ட் செக்வேரா என்ற இன்ஜினீயரிடம் போனது.

எஃப்.எம்-மில் ஒரு பிரச்னை உண்டு. சிக்னல் ஸ்டேஷனிலிருந்து நேராகவும் வரும், உயரமான கட்டடங்களில் பட்டுத் தெறித்தும் வரும். இரண்டும் சேர்ந்தால் சத்தம் கலங்கிவிடும். வானுயர்ந்த கட்டடங்கள் நிறைந்த நியூயார்க்கில் இது தினசரித் தொல்லை. மாடல் 10 ட்யூனரின் முகத்தில் இதற்கு ஒரு தீர்வு வைத்தார்கள். சின்னதாக ஒரு ஆஸிலோஸ்கோப் திரை. அதுவரை ஆய்வகங்களில் இருந்த கருவி, வரவேற்பறைக்கு வந்தது. திரையில் ஓடும் ஒளிக்கோட்டைப் பார்த்துக்கொண்டே ஆன்டெனாவைத் திருப்பி, சிக்னல் சுத்தமாக வரும் திசையைப் பிடிக்கலாம். மாடல் 9-ன் வட்டத்தில் இருந்த அதே எண்ணம்தான். கருவிக்குள் நடப்பதை மறைக்காமல், கேட்பவரின் கண்ணுக்குக் காட்டுவது.

ஆனால் செலவு? அது முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சரியாகும்வரை வெளியிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். மேம்படுத்திய 10பி கடைக்கு வந்தபோது விலை ஏறக்குறைய 600 டாலர். அந்தக் காலத்தில் ஒரு புது ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் சுமார் 1,600 டாலர். அதாவது ஒரு ரேடியோ ட்யூனருக்கு, காரின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வாங்கியவர்கள் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அத்தனை வருஷ ஆராய்ச்சிச் செலவைத் திருப்பி எடுக்கும் அளவுக்கு வாங்க ஆள் இல்லை.

1964-ல் சால் மராண்ட்ஸ் தன் கம்பெனியை சூப்பர்ஸ்கோப் என்ற நிறுவனத்துக்கு விற்றார். ஜப்பானின் சோனி டேப் ரெக்கார்டர்களை அமெரிக்காவில் விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் அது. கைமாறிய பிறகும் சால் சில வருஷங்கள் அங்கேயே இருந்தார். 1968-ல் வெளியேறினார். அவர் வெளியேறினார், அவர் பெயர் வெளியேறவில்லை. அது விற்றாகிவிட்டது.

யோசிச்சுப் பாருங்க. உங்க இன்ஸ்டா ஐடியை வேற யாரோ வாங்கிட்டாங்க. அதில் அவங்க போடும் போஸ்ட்டுக்கெல்லாம் லட்சக்கணக்கில் லைக். உங்க பெயர்தான், ஆனா நீங்க இல்லை. 1970-களில் உலகம் முழுக்க ஹிட் ஆன, நீல வெளிச்சம் வீசும் மராண்ட்ஸ் ரிசீவர்கள் இருக்கே, இன்று பழைய பொருள் பிரியர்கள் தேடித் தேடி வாங்கும் 2270 போன்றவை, அவை எல்லாம் சால் வெளியேறிய பிறகு வந்தவை. உள்ளே வால்வும் கிடையாது, டிரான்ஸிஸ்டர்தான்.

இன்னொருவர் பெயருக்குப் பின்னால்

இங்கே பலர் உடைந்துபோவார்கள். அப்போது சாலுக்கு வயசு 60-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு எடுத்திருக்கலாம். ஆனால் 1970-களின் தொடக்கத்தில் ஜான் டால்க்விஸ்ட் என்ற ஸ்பீக்கர் வடிவமைப்பாளரின் திறமை அவர் கண்ணில் பட்டது. இருவரும் சேர்ந்து ஒரு ஸ்பீக்கர் கம்பெனி தொடங்கினார்கள். அதன் முதல் படைப்பு டி.கியூ.-10. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஐந்து ஒலிபெருக்கிகள். எல்லாவற்றின் சத்தமும் காதுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும் என்று முன்னும் பின்னுமாகத் தள்ளி அமைத்திருந்தார்கள். ஆடியோ உலகம் அதையும் கொண்டாடியது.

இந்த முறை பெட்டியின் மேல் இருந்தது டால்க்விஸ்ட்டின் பெயர். சாலின் பெயர் இல்லை. தன் பெயரில் வேறு யாரோ பெட்டி விற்றுக்கொண்டிருக்க, இவர் இன்னொருவர் பெயரை முன்னால் நிறுத்தி, பின்னால் நின்று வேலை பார்த்தார். ஒரு நல்ல இன்ஜினீயரைக் கண்டுபிடிப்பது, அவரிடமிருந்து சிறந்ததை வாங்குவது, அதை மனிதர்கள் வீட்டில் வைக்கும்படி ஆக்குவது. சிட்னி ஸ்மித்தோடு செய்த அதே வேலை. கம்பெனி போயிருந்தது, கண் போகவில்லை.

1990-களின் நடுவில் மராண்ட்ஸ் நிறுவனம் மாடல் 7, 8பி, 9 ஆகிய பழைய வால்வு கருவிகளை மறுபடி தயாரித்து வெளியிட்டது. டிரான்ஸிஸ்டர் வந்து, சி.டி. வந்து, வால்வு காலாவதி என்று எல்லோரும் முடிவு கட்டிய பிறகும், 1950-களின் அந்த முகத்தை மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். 1997 ஜனவரியில், 85 வயதில் சால் மராண்ட்ஸ் காலமானார்.

பெயர் பயணிக்கிறது

அவர் பெயர் அதற்குப் பிறகும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1980-ல் அமெரிக்கா, கனடா தவிர்த்த நாடுகளுக்கான உரிமை பிலிப்ஸுக்குப் போயிருந்தது. பிறகு ஜப்பானின் டெனானோடு ஒரே குடையின் கீழ் வந்தது. 2025-ல் சாம்சங்குக்குச் சொந்தமான ஹார்மன் வாங்கிக்கொண்டது. ஆக, இதை நீங்க சாம்சங் போனில் படிச்சுக்கிட்டிருந்தா, உங்க போனும் அந்தத் தங்கநிறப் பெட்டியும் இப்போ ஒரே குடும்பம்!

ஓனர்கள் மாறினாலும் மாறாத ஒன்று இருக்கிறது. இன்றைய மராண்ட்ஸ் கருவியின் நடுவிலும் அந்த வட்டம் இருக்கும். இப்போது அதில் முள் இல்லை, சின்ன டிஜிட்டல் டிஸ்ப்ளே இருக்கிறது. வால்யூம் எவ்வளவு, பாடல் எங்கிருந்து வருகிறது என்று காட்டும். இடமும் வலமும் சமமாகக் குமிழ்கள் நிற்கும். 1958-லும் 1960-லும் போட்ட பக்க அமைப்பு, இன்னும் அழியாமல் இருக்கிறது.

நீங்க வாங்கப் போறீங்களா? இதைக் கவனிங்க!

இப்போது ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கே ப்ளூடூத்தோடு வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் கிடைக்கின்றன. ஆசையில் பட்டன் தட்டும் முன்னால் சாலின் பாணியில் சில கேள்விகள் கேட்டுப் பாருங்க.

* வெளிச்சம் எங்கிருந்து வருது? விலை குறைந்த பல கருவிகளில் வால்வுக்கு அடியில் ஒரு ஆரஞ்சு எல்.இ.டி. வைத்திருப்பார்கள். உண்மையான வால்வின் ஒளி அதைவிட மங்கலாக, உள்ளே இழையிலிருந்து வரும். ஸ்விட்ச் போட்ட நொடியே பளிச்சென்று எரிந்தால், அது பெரும்பாலும் எல்.இ.டி.தான்.

* மீட்டர் என்ன அளக்குது? முள் சும்மா பாட்டுக்குத் தகுந்தபடி ஆடுவதற்கா, இல்லை உங்களுக்கு உபயோகமான ஏதாவது சொல்கிறதா? ஆடுவது தப்பில்லை. ஆனால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கிறோம் என்பது தெரிந்து வாங்குங்க.

* கை தானாப் போகுதா? கண்ணை மூடிக்கொண்டு வால்யூமைத் தேடிப் பாருங்க. முதல் தடவையிலேயே கிடைத்தால் அது நல்ல டிசைன்.

* சூடு போக வழி இருக்கா? வால்வு கருவியின் மேல் புத்தகம், துணி, செடித்தொட்டி எதுவும் வைக்கக் கூடாது. அலமாரிக்குள் அடைக்கவும் கூடாது.

* திறக்கவே கூடாது! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம். பழைய வால்வு ரேடியோ வீட்டில் இருந்தால், அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டாமல் ஸ்விட்ச்கூடப் போடாதீங்க.

சரி, ஒரு ட்யூனருக்காகக் கம்பெனியையே இழந்த சால் மராண்ட்ஸ் ஜெயித்தவரா, தோற்றவரா? கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் தோற்றவர். 10பி-யைக் கொஞ்சம் அரைகுறையாக, கொஞ்சம் சீக்கிரமாக வெளியிட்டிருந்தால் ஒருவேளை கம்பெனி அவர் கையிலேயே இருந்திருக்கும். ஆனால் அப்படிச் செய்கிற ஆளாக இருந்திருந்தால் மாடல் 7-ன் குமிழ்கள் அந்த இடத்தில் இருந்திருக்காது. மாடல் 9-க்கு அந்த வட்டமும் கிடைத்திருக்காது. இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு பக்கங்கள்.

அடுத்த முறை ஃபீடில் அந்தத் தங்க நிறப் பெட்டி வந்தால், உடனே ஸ்க்ரோல் பண்ணாதீங்க. அந்த வட்டத்தில் ஒரு நொடி நில்லுங்க. வால்வு தளர்ந்துவிட்டதா என்று வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒருத்தர் வைத்த ஜன்னல் அது!